தோலாவிரா: கோட்டையைப் பார்க்கப் போகாதீர்கள், தண்ணீரைப் பார்க்கப் போங்கள்

நேராகவே சொல்லிவிடுகிறேன். சிந்துவெளி நாகரிகத்தின் ஊர் ஒன்றை இந்தியாவுக்குள் நேரில் பார்க்க வேண்டும், அதுவும் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால், குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் இருக்கும் தோலாவிராவுக்குப் போங்கள். மொகஞ்சதாரோவும் ஹரப்பாவும் பாகிஸ்தானில் இருக்கின்றன, நினைத்தவுடன் கிளம்பிவிட முடியாது. லோத்தல் அகமதாபாத்திலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரம்தான், நல்ல இடமும்கூட, ஆனால் சிறிய ஊர். ஹரியானாவின் ராக்கிகடி மிகப் பெரியது, ஆனால் பழைய மேடுகளின் மேலேயே இன்றைய கிராமத்தின் வீடுகள் இருப்பதால் முழு ஊரையும் கண்ணால் பிடிக்க முடியாது. தோலாவிராவில் மதில், வாசல், தெரு, கிணறு, வடிகால், நீர்த்தேக்கம் எல்லாம் ஒரே பார்வையில் விரிந்து கிடக்கின்றன. 4,500 ஆண்டுக்கு முந்தைய ஒரு நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போகலாம் என்பது சாதாரண விஷயமா?

ஆனால் இங்கே வந்துவிட்டு "வெறும் கல்லுதான் கிடக்குது" என்று முகம் சுளித்துத் திரும்புகிறவர்களையும் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தஞ்சைப் பெரிய கோயிலையும் ஹம்பியையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே கோபுரம் இல்லை, சிலை இல்லை, அரசன் பெயர்கூட இல்லை. இந்த ஊரை ரசிக்க ஒரு வழிதான் இருக்கிறது: தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்று அதன் பின்னாலேயே போக வேண்டும். அப்படிப் போனால் அங்கே வாழ்ந்தவர்களின் அன்றாடம் முழுக்கக் கண்முன் வந்துவிடும். நான் இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

முதலில் போகிற வழி. புஜ் வரை ரயிலோ விமானமோ பிடித்து வந்துவிடலாம். அங்கிருந்து முன்பெல்லாம் பச்சாவ், ராப்பர் என்று சுற்றிக்கொண்டு 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. இப்போது காவ்டா வழியாக ரண் உப்புவெளியை நேராக வெட்டிக்கொண்டு போகும் சாலை வந்துவிட்டதால் தூரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை உப்புதான். மழை முடிந்த கையோடு போனால் உப்புக்குப் பதில் தண்ணீர் நிற்கும். அழகுதான், ஆனால் அதன் நடுவிலேயே எல்லாரும் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருப்பதால் கொஞ்சம் கவனமாக ஓட்டச் சொல்லுங்கள்.

வண்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புஜ்ஜில் நாங்கள் பேசி அமர்த்திய வண்டிக்காரர் முழு நாள் என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டு, நாங்கள் அகழாய்வு இடத்துக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்திலிருந்தே போன் மேல் போன் போட ஆரம்பித்துவிட்டார், வெள்ளைப் பாலைவனத்தில் சூரிய அஸ்தமனம் போய்விடுமாம். பெரும்பாலான பயணிகள் இந்த இடத்தை ஓர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு அங்கேதான் ஓடுகிறார்கள், அதனால் வண்டிக்காரர்களும் அப்படியே பழகிவிட்டார்கள். ஆகவே வண்டி பேசும்போதே, குறைந்தது நான்கு மணி நேரம் உள்ளே இருப்போம், அவசரப்படுத்தக் கூடாது என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வழிகாட்டி. இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். எங்களுக்குக் கிடைத்தவர் பக்கத்துக் கிராமத்துக்காரர், இளம் வயதில் இதே அகழாய்வில் மண் சுமந்தவர். எந்தக் குழியில் என்ன கிடைத்தது என்று இடத்தைக் காட்டிச் சொல்கிறார். ஜகத்பதி ஜோஷி 1960களின் கடைசியில் இந்த மேட்டை அடையாளம் கண்டார், 1990 முதல் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை பல பருவங்கள் தோண்டியது, 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, இந்த விவரமெல்லாம் எங்கேயும் படித்துக்கொள்ளலாம். ஆனால் "பாய், இந்தச் சுவரோட அடிக்கல்லு தெரியுற வரைக்கும் நாங்க எத்தனை கூடை மண்ணு அள்ளினோம் தெரியுமா" என்று ஒருவர் அந்தச் சுவர் பக்கத்திலேயே நின்று சொல்வதைக் கேட்பது வேறு. இந்தி கொஞ்சம் தெரிந்தால் போதும், சமாளித்துவிடலாம். கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இப்போது ஊருக்குள் போவோம். காதிர் என்ற தீவுத் திட்டில், வடக்கே மன்சர் தெற்கே மன்ஹர் என்று இரண்டு ஓடைகளுக்கு நடுவில் ஊர் அமைந்திருக்கிறது. இரண்டும் மழை பெய்தால் மட்டும் ஓடுகிற காட்டாறுகள். சுற்றிலும் உப்பு. வற்றாத ஆறு எதுவும் கிடையாது, மழையோ எப்போது வரும் எப்போது பொய்க்கும் என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் போய் மதிலே ஏறத்தாழ 771 மீட்டர் நீளமும் 617 மீட்டர் அகலமும் வருகிற ஒரு நகரத்தைக் கட்டி, ஆயிரம் ஆண்டுக்கு மேல் அதில் வாழ்ந்திருக்கிறார்கள். எப்படி? ஓடைகளின் குறுக்கே தடுப்பணை கட்டி, வெள்ளத்தைத் திருப்பி, மதிலுக்குள் வரிசையாக வெட்டிய நீர்த்தேக்கங்களில் நிரப்பியிருக்கிறார்கள். ஊருக்குள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 13 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது. அந்தச் சரிவை வீணாக்காமல், ஒன்று நிரம்பினால் அடுத்தது, அது நிரம்பினால் அதற்கடுத்தது என்று படிப்படியாக இறக்கியிருக்கிறார்கள்.

கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் பெரிய நீர்த்தேக்கத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், பத்து மீட்டருக்கு மேல் ஆழம். மொகஞ்சதாரோவின் பெரும் குளியல் குளம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, அது 12 மீட்டருக்கு 7 மீட்டர், அவ்வளவுதான். அடிவரை இறங்கக் கல்படிகள், முப்பதுக்கும் மேல். மேலே நின்று பார்த்தால் பெரிய பள்ளம் என்றுதான் தோன்றும். வழிகாட்டியிடம் கேட்டு, அனுமதி உள்ள இடம் வரை போய்ப் பாருங்கள், அப்போதுதான் அளவு உறைக்கும். மேல்பகுதியில் ஒழுங்காக அடுக்கிய கல் சுவர், கீழே போகப் போகப் பாறையையே செதுக்கியிருக்கிறார்கள். இரும்பு கிடையாது, நினைவில் வையுங்கள். செம்பும் வெண்கலமும் கல்லும் வைத்துக்கொண்டு செய்த வேலை இது.

அப்பாவும் கூட வந்திருந்தார். பொதுப்பணித் துறையில் ஏரி, மதகு என்றே வாழ்நாள் முழுக்க அலைந்தவர். அவருக்குச் சுவரில் அக்கறை இல்லை. "ஏம்ப்பா, வண்டல் எங்க இறங்கும்னு கேளு" என்றார். கேட்டேன். தெற்குப் பக்கம் வரிசையாக இருக்கும் பாறைத் தொட்டிகளுக்குக் கூட்டிப் போனார் வழிகாட்டி. கலங்கல் தண்ணீர் முதல் தொட்டியில் நின்று தெளிந்து, மேல் தண்ணீர் மட்டும் வாய்க்கால் வழியாக அடுத்ததற்குப் போகும் என்று கையாலேயே வரைந்து காட்டினார். அப்பா அந்த வாய்க்காலின் மட்டத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு மட்டம் பார்க்கத் தெரிஞ்ச ஆள் இருந்திருக்கணும், குத்துமதிப்பா வெட்டினா இப்படி வராது" என்றார். அதை நான் தோலாவிராவுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அங்கிருந்து கோட்டை மேட்டுக்கு ஏறினால் ஒரு கிணறு வரும். அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். விளிம்பில் போட்டிருக்கும் கல்லைக் குனிந்து பாருங்கள், கயிறு உரசி உரசித் தேய்ந்த தடங்கள் வழவழவென்று பள்ளமாக இருக்கும். ஒரே தடம் இல்லை, பக்கத்தில் பக்கத்தில் பல. எத்தனை தலைமுறை அந்த இடத்தில் நின்று இழுத்திருந்தால் கல் இப்படித் தேய்ந்திருக்கும்! ஊர்ப்பக்கம் பழைய கிணற்றுக் கல்லைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. எனக்கு அந்த நகரத்தின் மனிதர்கள் உயிரோடு தெரிந்த இடம் இதுதான், அருங்காட்சியகத்துப் பொம்மைகளும் முத்திரைகளும்கூட அந்த அளவுக்கு என்னைத் தொடவில்லை.

கிணற்றுப் பக்கத்திலேயே குளிக்கும் தொட்டியும், கோட்டைக்குக் கீழே ஓடும் மழைநீர் வடிகாலும் இருக்கின்றன. அந்த வடிகால் சாக்கடை கிடையாது. கோட்டை மேல் விழும் மழையைக்கூட விட்டுவிடாமல் சேர்த்துத் தேக்கத்துக்குக் கொண்டுபோன கல் கால்வாய் அது, முக்கியமான ஒன்றில் ஆளே நுழைந்து நடக்கலாம், அவ்வளவு உயரம். வீட்டுக் கழிவுநீருக்குத் தனி ஏற்பாடு, வெளியே புதைத்த பானைகளிலும் குழிகளிலும் விட்டிருக்கிறார்கள். நல்ல தண்ணீரும் கெட்ட தண்ணீரும் கலக்கக் கூடாது என்ற எண்ணம் நகரம் முழுக்க அப்போதே இருந்திருக்கிறது. எகிப்தில் கீசாவின் பிரமிடுகள் எழுந்த காலத்தை ஒட்டித்தான் இந்த ஊரும் பெரிதாக வளர்ந்தது. அங்கே ஒரு மன்னனின் சமாதிக்குப் போன உழைப்பு இங்கே ஊர் குடிக்கும் தண்ணீருக்குப் போயிருக்கிறது. எது பெரிய சாதனை என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

கோட்டையின் வடக்கு வாசல் இன்னொரு முக்கியமான இடம். வாசலின் பக்க அறை ஒன்றில்தான் அந்தப் புகழ்பெற்ற பத்துக் குறிகள் கொண்ட பலகை கிடைத்தது. மற்ற இடங்களில் சிந்து எழுத்து தபால்தலை அளவு முத்திரைகளில்தான் இருக்கும். இங்கே ஒவ்வொரு குறியும் ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் உயரம், வெள்ளை ஜிப்சத் துண்டுகளை மரப்பலகையில் பதித்து எழுதியிருக்கிறார்கள். மரம் மக்கிப்போய்விட்டது, எழுத்து மட்டும் விழுந்த வரிசையிலேயே மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. ஆரம் வைத்த சக்கரம் போன்ற ஒரு குறி மட்டும் அந்தப் பத்தில் நான்கு முறை வருகிறது. வாசலுக்கு மேல் மாட்டியிருந்தால் தூரத்தில் வருகிறவர்களுக்கே தெரிந்திருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை ஒருவராலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை. எழுத்தாய்வாளர் ஐராவதம் மகாதேவன் 1977இல், அதுவரை கிடைத்த சிந்து எழுத்துக் குறிகளைத் தொகுத்துக் கொடுத்தபோது தோலாவிராவின் பலகை இன்னும் மண்ணுக்கடியில்தான் இருந்தது. சிந்து எழுத்தைப் படித்துக் காட்டுபவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்ததே, அந்தப் பரிசுக்கு மல்லுக்கட்டுகிற எவரும் இந்தப் பலகையைக் கடந்துதான் போக வேண்டும். அசலை அந்த இடத்தில் தேடாதீர்கள், அதன் படத்தைத்தான் பார்க்க முடியும்.

வாசலுக்கு எதிரே 283 மீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய மைதானம், ஓரங்களில் உட்காரப் படிமேடைகள். சந்தை, திருவிழா, விளையாட்டு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நடுநகரத்துத் தெருக்களும் நன்றாக இருக்கின்றன, ஆனால் அதற்குள் வெயில் ஏறிவிடும், வேகமாகக் கடந்துவிடலாம்.

வெயில் உறைக்கிற அந்த நேரத்துக்கு அருங்காட்சியகத்தை வைத்துக்கொள்ளுங்கள். சின்னதுதான். ஆனால் மணிகளும் எடைக்கற்களும் இருக்கிற பெட்டிகளுக்கு முன்னால் நிதானமாக நில்லுங்கள். எடைக்கற்கள் சின்னச் சின்னக் கனசதுரங்கள், முனை மழுங்காமல் தேய்த்தவை. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கணக்கு. ஹரப்பாவிலும் இதே கணக்கு, மொகஞ்சதாரோவிலும் இதே கணக்கு, எத்தனையோ நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்தத் தீவிலும் இதே கணக்கு. எங்கே போய் வாங்கினாலும் எடை மாறாது என்ற நம்பிக்கையை ஒரு பெரும்பரப்பு முழுக்க ஏற்படுத்தியிருக்கிறார்கள், அதுவும் படைகளையும் பேரரசனையும் கல்லில் செதுக்கிப் பெருமை பேசாமல்.

மணி விஷயம் இன்னும் வியப்பு. சூது பவளம் குஜராத்தில் கிடைக்கும் கல், நெருப்பில் பக்குவமாகச் சுட்டால் நல்ல சிவப்பு ஏறும். அதை நீள மணியாகத் தேய்ப்பதைக்கூடச் செய்துவிடலாம், நடுவில் ஓட்டை போடுவதுதான் உயிரை எடுக்கும் வேலை, அவ்வளவு கடினமான கல். அதற்கென்றே எர்னஸ்டைட் என்று இப்போது அழைக்கப்படும் ஒரு தனி வகைக் கல்லில் துளையிடும் முனைகள் செய்திருக்கிறார்கள், தோலாவிராவில் அவை நிறையக் கிடைத்திருக்கின்றன. அப்படியும் ஒரு மணி நேரம் துளைத்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறங்கும் என்று செய்து பார்த்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரு நீள மணிக்கு எத்தனை நாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வகை மணிகள் மெசொப்பொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், ‘ஊர்’ (Ur) என்றே பெயர் கொண்ட பழைய நகரத்தின் அரச கல்லறைகள் வரை போய்ச் சேர்ந்திருக்கின்றன. மெலுக்கா நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் வந்து நிற்கின்றன என்று அங்கே ஆண்ட அக்காத் மன்னன் சர்கோன் பெருமை பேசியதும் பதிவாகி இருக்கிறது, மெலுக்கா என்பது சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இன்றைக்கும் அதே குஜராத்தில் காம்பாத்தில் கல்மணி செய்கிறார்கள், முடிந்தால் அங்கேயும் போய்ப் பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடையில் கம்பு ரொட்டி, பூண்டுச் சட்னி, வெல்லம், மோர் கிடைத்தது. சுடச்சுடத் தட்டில் போட்டு, நடுவில் வெண்ணெயை வைத்து, அந்த அம்மா "இன்னொண்ணு வெச்சுக்கோ பேட்டா" என்று விடாமல் போட்டார். மிகவும் நன்றாக இருந்தது, மறுபடி அதற்காகவே போவேன். குஜராத்தின் ஹரப்பா கால ஊர்களில் கோதுமை, வாற்கோதுமையோடு சிறுதானியங்களும் அதிகம் கிடைக்கின்றன. மாடும் எருமையும் ஆடும் வளர்த்த மக்கள் அவர்கள். வறண்ட நிலத்துக்கு எது விளையும், எது தாங்கும் என்ற அறிவு இந்த மண்ணில் அறுந்துபோகவே இல்லை.

தங்கிய இடம்தான் சொதப்பல். பெயர் வேண்டாம். காலையில் வெந்நீர், ஆறு மணிக்குச் சிற்றுண்டி என்று பணம் வாங்கும்போது சொன்னவர்கள் இரண்டையும் தரவில்லை. கேட்டால் ஆள் வரவில்லை என்று ஒரே பதில். சிறிய ஊர், தங்குமிடங்கள் குறைவு, அதிலும் ரண் திருவிழா நடக்கும் மாதங்களில் விலை எகிறிவிடுகிறது. முந்தைய இரவே பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், யாரையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே இரவு தங்குவது அவசியம் என்றுதான் சொல்வேன். புஜ்ஜிலிருந்து கிளம்பி வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும், இங்கேயே தங்கினால் விடிந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்விடலாம், தேக்கத்தின் சுவரில் சாய்ந்து விழும் காலை வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும்.

மேற்கே ஈமக்காடு இருக்கிறது, முக்கால்வாசிப் பேர் போவதே இல்லை. அரைக்கோளமாக மேடு எழுப்பிய நினைவிடங்கள் அங்கே உண்டு, அதில் ஒன்றின் தரைத் திட்டம் ஆரங்களோடு கூடிய சக்கரம் மாதிரி. தோண்டினால் உள்ளே எலும்பே இல்லை, ஆனால் செம்புக் கம்பியில் கோத்த மாவுக்கல் மணி மாலையும் தங்க வளையலும் இருந்திருக்கின்றன. உடல் கிடைக்காமல் போனவர்களுக்காக எழுப்பியதாக இருக்கலாம் என்று வழிகாட்டி சொன்னார். கடலில் போனவர்களாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது.

கடைசிக் காலத்து வீடுகளையும் காட்டச் சொல்லுங்கள். நகரம் சரிந்து, மக்கள் வெளியேறி, பிறகு சிலர் திரும்பி வந்தபோது சதுர வீடுகளை விட்டுவிட்டு வட்ட வடிவக் குடிசைகளில் வாழ்ந்திருக்கிறார்கள். மழை குறைந்ததும், வாணிகம் அறுந்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கட்ச் கிராமங்களில் இன்றும் புங்கா (bhunga) என்ற வட்ட வீடுகள் இருக்கின்றன, வரும் வழியில் காவ்டா பக்கம் நிறையப் பார்க்கலாம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் இடத்துக்கு ஐந்து, அருங்காட்சியகத்துக்கு நான்கு, வழிகாட்டிக்கு ஐந்து, தங்குமிடத்துக்கு ஒன்று. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள், ஏப்ரல் மே பக்கமே தலைவைக்காதீர்கள், உள்ளே ஒதுங்க நிழல் கிடையாது. தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நல்ல செருப்பு. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கோட்டை மேட்டுக்கு மெதுவாக ஏறலாம், தேக்கத்தின் படியில் இறங்க வேண்டாம், அப்பா இறங்கிவிட்டு அன்று மாலை முழுக்கக் காலைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் பக்கத்திலிருக்கும் ஜுராசிக் காலத்துக் கல்மரப் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கல்லாகிப்போன மரத்தண்டுகள் அவர்களுக்குப் பிடிக்கும். தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் நிற்காதீர்கள்.